பார்வையற்ற ஜெர்மன் ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்ஹா, இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ஆர்கன் படைப்புகள் அனைத்தையும் எப்படி மனப்பாடம் செய்தார்?

அவர் எந்தப் படைப்பையும் முழுதாகக் கேட்டு மனப்பாடம் செய்யவில்லை. அதன் குரல்களை, அதாவது ஒரே நேரத்தில் இணைந்து ஒலிக்கும் தனித்தனி மெட்டுகளை, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கற்று, மனத்துக்குள்ளேயே அவற்றை ஒன்றுசேர்த்தார்.

1907இல் லைப்சிக் நகரில் பிறந்த வால்ஹா, அம்மைத் தடுப்பூசியின் பின்விளைவால் இருபது வயதை எட்டும் முன்பே பார்வையை முற்றிலும் இழந்தார். அந்நகரிலேயே குந்தர் ராமினிடம் ஆர்கன் பயின்று, பாக் தம் இறுதி 27 ஆண்டுகள் பணியாற்றிய புனித தோமையார் ஆலயத்தில் ராமினுக்கு உதவியாளராகவும் இருந்தார்.

பாக்கின் ட்ரியோ சொனாட்டாக்களை எடுத்துக்கொள்வோம். வலக்கை ஒரு விசைப்பலகையிலும் இடக்கை இன்னொன்றிலும் தனித்தனி மெட்டை வாசிக்க, கால்கள் மிதிகட்டைகளில் அடிக்குரலை நடத்திச் செல்லும். முதலில் தாயாரும், திருமணத்துக்குப் பிறகு மனைவி உர்சுலாவும், இவற்றில் ஒரு குரலை மட்டும் தனியே வாசித்துக் காட்டுவார்கள். அது மனத்தில் படிந்த பிறகே அடுத்த குரலுக்குச் செல்வார். ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் ஃப்யூக் நான்கு குரல்களில் அமைந்தாலும் இதே வழிதான். ஏட்டைப் பார்த்து வாசிப்பவருக்கு ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணில் படும். வால்ஹாவுக்கோ ஒவ்வொரு குரலும் தொடக்கம் முதல் முடிவு வரை தனியே ஓடும் ஒரு பாட்டாகவே அறிமுகமாயிற்று. அவருடைய பதிவுகளில் நடுக்குரல்கள்கூட மங்காமல் கேட்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

இசைத்தட்டுகளால் உலகப் புகழ் பெற்றாலும், அவருடைய வாழ்க்கை ஆலயப் பணியைச் சுற்றியே அமைந்திருந்தது. 1929 முதல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் ஃப்ரீடன்ஸ் ஆலயத்திலும், போருக்குப் பின் 1946 முதல் ட்ரைகோனிக்ஸ் ஆலயத்திலும் ஆர்கன் வாசித்தார். சபையார் ஞானப்பாட்டைப் பாடத் தொடங்கும் முன் வாசிக்கப்படும் முன்னிசைகளை இயற்றி நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். 1938இல் அந்நகர இசைக் கல்லூரியில் பேராசிரியரானார்.

பாக்கின் ஆர்கன் படைப்புகளை அவர் இருமுறை தொடராகப் பதிவு செய்தார். 1947இல் தொடங்கிய முதல் தொடருக்குப் பெருநகரங்களின் பிரம்மாண்டமான ஆர்கன்களை விட்டுவிட்டு, லூபெக் நகரின் புனித யாக்கோபு ஆலயத்தையும், கப்பெல் என்ற சிற்றூரையும் நாடினார். கப்பெலில் இருப்பது, ஹாம்பர்க் ஆலயம் ஒன்றுக்காக ஆர்ப் ஷ்னிட்கர் 1680இல் செய்து, பிற்காலத்தில் அவ்வூருக்கு வந்து சேர்ந்த ஆர்கன். 1956இல் தொடங்கி 1971 வரை நீண்ட இரண்டாம் தொடர், ஸ்டீரியோ ஒலியில் நெதர்லாந்தின் அல்க்மாரிலும் பின்னர் ஸ்ட்ராஸ்பூர்கிலும் பதிவானது. பாக் முடிக்காமல் விட்டுச்சென்ற கடைசி ஃப்யூகுக்குத் தாமே ஒரு முடிவு எழுதும் துணிவும் அவருக்கு இருந்தது.

ஆனால் பாக்குக்குப் பிற்கால ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகரின் அடர்த்தியான ஆர்கன் இசையை அவர் ஒரு கட்டத்தில் அடியோடு ஒதுக்கி, மாணவர்களுக்குக் கற்பிப்பதையும் நிறுத்திவிட்டார். குரல்கள் தெளிவாகப் பிரிந்து கேட்க வேண்டும் என்ற அவருடைய அளவுகோலுக்கு அது பொருந்தவில்லை என்பது புரிகிறது. ஆயினும் அந்த விலக்கால் இழந்தவர்கள் மாணவர்களே.

1991இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் காலமானார். அவரைப் புதிதாகக் கேட்பவர்கள் அல்க்மாரில் பதிவான ட்ரியோ சொனாட்டாக்களில் தொடங்கி, முதல் முறை இடக்கையின் குரலை மட்டும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள்.