தரை சில்லென்று இருக்கிறதா?

அன்புள்ள ஆச்சி,

எனக்கு 31 வயது, ஊர் தேவகோட்டை. மூன்று வருஷமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பின் மேலுறை தேய்ந்துபோகும் நோய். முதல் அட்டாக்கில் இடது கால் மரத்துப்போய், பிறகு சரியாகிவிட்டது. ஆனாலும் தினமும் எழுந்ததும் வெறுங்காலை ஆத்தங்குடிக் கல்லில் வைத்து, சில்லென்று தெரிகிறதா என்று பார்க்கிறேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க ஆசை. வழியில் அட்டாக் திரும்ப வந்துவிட்டால்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

என் பெரிய ஆச்சிக்கும் இதே நோய், 16 வருஷமாக. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நானும் அப்படித்தான் காலை வச்சுப் பார்ப்பேன்" என்றார். ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நீ வீட்டுக்காரரிடமாவது சொல்லிவிடு.

திரும்ப வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. வந்திருப்பது அதுதானா என்று பார்க்க மட்டும் வழி உண்டு. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், 24 மணி நேரத்துக்குக் குறையாமல் தொந்தரவு நீடித்தால்தான் டாக்டர்கள் அட்டாக் என்கிறார்கள்.

ஒரு சித்திரை மாதம், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பெரிய ஆச்சிக்கு இடது கண் மங்கிவிட்டது. மதுரைக்குக் கார் எடுக்கச் சொல்லிவிட்டோம். அவர் வளவில் வெறுந்தரையில் படுத்து, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் பார்வை தெளிந்துவிட்டது. முன்பே உறை தேய்ந்த நரம்பில், உடம்பு சூடேறினால் சேதி போவது தடைப்படுகிறது. புதிய சேதம் இல்லை. உடம்பை வருத்தினால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் உத்தாஃப் 1890-லேயே எழுதியிருக்கிறார்.

அன்றிலிருந்து ஆச்சி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். என்ன ஆனது, எத்தனை மணிக்கு, காய்ச்சல் இருந்ததா, தூங்கினாரா, வெயிலில் போனாரா, எல்லாம் அதில் இருக்கும். மூத்திரத் தொற்று கூட அட்டாக் மாதிரியே காட்டும் என்பதால் அதையும் பரிசோதிப்பார். ஆனால் பார்வை போனாலோ, நடக்க முடியாவிட்டாலோ, மூத்திரம் நின்றாலோ 24 மணி நேரம் காத்திருக்காதே, உடனே டாக்டரைக் கூப்பிடு.

அப்புறம் மருந்து. அது அட்டாக் வருவதைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நீயாக விட்டுவிடாதே. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் இன்னும் வேகமாகத் திரும்பலாம்.

பழனிக்கு வருவோம். நடையால் உடம்பு சூடாகிக் கால் தளரலாம், ஆனால் அதனால் அட்டாக் வராது. உன் நரம்பு டாக்டரிடம் இப்போதே தேதியைச் சொல்லிக் கேள். பெரிய ஆச்சி போன தை மாதம் குன்றக்குடியில் காவடியோடு சேர்ந்து, விடியற்காலையில் பிள்ளையார்பட்டி வரைக்கும் நடந்தார். பின்னாலேயே கார் வந்தது. மீதி வழிக்கு அதில் ஏறிக்கொண்டார்.

அன்புடன்,
ஆச்சி