நிலவேம்புக் குடிநீர் ஃப்ளூவைக் குணப்படுத்துகிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சித்த மருத்துவம் பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சலோடு வருவோருக்கு நிலவேம்புக் குடிநீர் தருகிறேன். பெரும்பாலோர் நான்கைந்து நாட்களில் தேறிவிடுகிறார்கள். இதை முறைப்படி நிரூபிக்க என்ன செய்ய வேண்டும்?"

சிக்கல் அந்த நான்கைந்து நாட்களில்தான் இருக்கிறது. வேறு கோளாறு சேராத இன்ஃப்ளூயன்சாவில் (ஃப்ளூவில்), மருந்தே இல்லாமல் 3 முதல் 5 நாட்களில் காய்ச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும். இருமலும் அசதியும் மட்டுமே இரண்டு வாரம்வரை இழுக்கும். மேலும், உடம்பு மிகவும் முடியாமல் போகும் நாளில்தான் மக்கள் வைத்தியரைத் தேடி வருகிறார்கள் என்பதால், அதன்பின் எதைக் கொடுத்தாலும் நோய் இறங்குவதே கண்ணில் படும். எனவே, குடித்தவர்களை மட்டும் எத்தனை நூறு பேர் பார்த்தாலும் விடை கிடைக்காது. குடிக்காத ஒரு குழுவும் வேண்டும். யார் எந்தக் குழு என்பதை நீங்களோ நோயாளியோ தீர்மானிக்காமல் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். இல்லையெனில், திடமான இளைஞர்கள் ஒரு பக்கமும் தளர்ந்தவர்கள் மறுபக்கமும் நம்மை அறியாமலே சேர்ந்துவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இப்பகுதியில் டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவையும் பரவக்கூடும் என்பதால், தொண்டைச் சளியை ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்து ஃப்ளூ என உறுதியானவர்களை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள்.

கடினமான பகுதி கசப்பு. தான் குடிப்பது மருந்தா, ஒப்பீட்டுக்கான போலிப் பானமா என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது. நிலவேம்பின் சுவையை நம் ஊரில் அறியாதவர் குறைவு. வெறும் நிறநீரைக் கொடுத்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஆகவே, ஒப்பீட்டுக் குழுவின் பானமும் மருந்துக் குணமில்லாத, ஆனால் அதே அளவு கசப்புள்ள ஒன்றாக இருக்க வேண்டும். கசப்பு தெரியாதபடி சாற்றை உலர்த்திக் கேப்சூலில் அடைப்பது எளிது. ஆனால் அப்போது சோதிக்கப்படுவது நீங்கள் காய்ச்சித் தரும் குடிநீர் ஆகாது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடிநீரில் சேரும் ஒன்பது மூலிகைச் சரக்குகளையும் ஒரே கொள்முதலில் வாங்கி, அடையாளம் சரிபார்த்து, ஒரே பக்குவத்தில் காய்ச்சுங்கள். பாராசிட்டமாலை இரு குழுவுக்கும் அனுமதித்து, எத்தனை மாத்திரை என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலை இறக்கியது எது என்ற குழப்பம் அங்கேதான் வரும்.

எந்த அளவுகோலில் வெற்றியைக் கணிப்பது என்பதை முன்னரே எழுதி வையுங்கள். அறிகுறிகள் முற்றும் தணியும்வரையான மணி நேரம் பொருத்தமானது. ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசல்டாமிவிர் மருந்தே பெரியவர்களுக்கு நோய்க்காலத்தை ஒரு நாளுக்கும் குறைவாகவே சுருக்குகிறது. அத்தகைய சிறு வேறுபாட்டைக் கண்டறிய நூற்றுக்கணக்கானோர் தேவைப்படுவர். ஆகவே இது தனி வைத்தியசாலையின் வேலை அன்று. புதுச்சேரியில் உள்ள சித்த மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ ஜிப்மரையோ அணுகுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சிடிஆர்ஐயில் பதிவும் கட்டாயம்.

கர்ப்பிணிகளைச் சேர்க்காதீர்கள். முதியோர், ஆஸ்துமா அல்லது இதய நோய் உள்ளவர்களுக்கு ஓசல்டாமிவிரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. ஆய்வுக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ தென்பட்டால், எந்தக் குழுவினராயினும் அந்த நொடியே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.