"நீ சாட்சிதானே" என்கிறது போலீஸ். நான் பாதிக்கப்பட்டவன் இல்லையா?

கேள்வி: 2025 மார்ச்சில் கோயில் கொடையன்று இரவு என் தம்பியை மூன்று பேர் வெட்டிக் கொன்றார்கள். தடுக்கப்போன எனக்கு இடது கையில் ஏழு தையல். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை, அம்மா இருக்கிறார். குற்றப்பத்திரிகையில் என்னை இரண்டாவது சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். நகல் கேட்டால், "நீ சாட்சிதானே, கூப்பிடும்போது வா" என்கிறார்கள். எதிர்த்தரப்பு ஆள் விட்டு மிரட்டுகிறது. நான் தனியாக வக்கீல் வைக்கலாமா?
– வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: வைக்கலாம். சாட்சிப் பட்டியலில் பெயர் ஏறியதால் மற்ற உரிமை போய்விடாது. குற்றம் சாட்டப்பட்டவரின் செயலால் இழப்போ காயமோ அடைந்தவர் 'பாதிக்கப்பட்டவர்' என்கிறது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 2(1)(ஒய்). அவருடைய காப்பாளரும் சட்டப்படியான வாரிசும் அதில் அடக்கம். வெட்டுப்பட்ட நீங்கள் உங்கள் காயத்துக்காகவே பாதிக்கப்பட்டவர். கண்ணால் பார்த்ததால் சாட்சியும்கூட. காயம்பட்ட சாட்சியின் சொல்லுக்கு நீதிமன்றத்தில் எடை அதிகம்.

தம்பியின் மரணத்தைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மணமாகாதவரின் முதல் வகுப்பு வாரிசு தாய். அண்ணன் இரண்டாம் வகுப்பு. "இவர் வாரிசே இல்லை" என்று எதிர்த்தரப்பு கிளப்ப இடம் கொடுக்காதீர்கள். வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் அம்மாவும் நீங்களும் சேர்ந்தே கையெழுத்துப் போடுங்கள்.

நகல் கிடைக்கவும் அந்த வக்காலத்துதான் வழி. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஆஜரான 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, வாக்குமூல நகல்களை, வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தரச் சொல்கிறது பிரிவு 230. ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டாம், கோர்ட்டில் மனுப் போடுங்கள்.

கையில் வந்ததும் எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி (காயத்தை டாக்டர் பதியும் விபத்துப் பதிவேட்டு நகல்), போலீஸ் பதிந்த உங்கள் வாக்குமூலம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏ.ஆர். காப்பியில் டாக்டர் "தெரிந்த இரண்டு நபர்கள்" என்று எழுதியிருந்து, நீங்கள் கூண்டில் மூன்று பேர் என்றால், குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும். வாக்குமூலத்தில் யார் கையில் அரிவாள் என்பது விட்டுப்போயிருந்தால், "போலீஸ் விசாரணையில் இப்படிச் சொல்லவில்லை என்றால் சரிதானே?" என்று கேட்பார்கள். முரண்பாடு இருந்தால் அரசு வக்கீலிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏ.ஆரைத் திருத்தித் தரச் சொல்லி டாக்டரிடம் போகாதீர்கள், வழக்கே கெட்டுப்போகும்.

உங்கள் வக்கீல் அரசு வக்கீலின் கீழ்தான் செயல்பட முடியும். சாட்சிகளை உங்கள் வக்கீலே குறுக்கு விசாரணை செய்யவோ வாய்மொழியாக வாதாடவோ முடியாது என்று 2019இல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சியம் முடிந்தபின் அனுமதியோடு எழுத்து வாதம் தரலாம். எதிரி ஜாமீன் கேட்டால் இடையீட்டு மனுப் போட்டு எதிர்க்கலாம். விடுதலையானால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 413இன்படி நீங்களே மேல்முறையீடு போகலாம். அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்பது 2018இன் மல்லிகார்ஜுன் கொடகலி தீர்ப்பு. இது வெறும் சாட்சிக்குக் கிடைக்காத உரிமை.

மிரட்டல் விஷயத்தில் மட்டும் 'சாட்சி' என்ற பெயர் உங்களுக்குக் கைகொடுக்கும். பொய்ச் சாட்சி சொல்லவைக்க மிரட்டினால் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 232இன்படி ஏழாண்டு வரை சிறை. யார், எந்தத் தேதி, எங்கே, என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். "ஆள் விட்டு மிரட்டுகிறார்கள்" என்ற மொட்டை வரி பயன்படாது. போன் அழைப்பு என்றால் பதிவை அழிக்காதீர்கள்.

அதோடு, 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுங்கள். டி.எஸ்.பி. ஐந்து வேலை நாளுக்குள் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். கோர்ட்டுக்குப் போய்வர போலீஸ் துணை, வீட்டில் கேமரா என்று எது வேண்டுமோ அதை மனுவிலேயே கேளுங்கள். ஓர் உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரைதான். காலாவதியாகும் முன் நீட்டிக்கக் கேளுங்கள்.

இன்னொன்று: உங்கள் சாட்சியம் முடியும்வரை, மற்ற சாட்சிகளை விசாரிக்கும்போது கோர்ட் ஹாலுக்குள் உட்காராதீர்கள். அம்மாவின் பெயரும் பட்டியலில் இருந்தால் அவருக்கும் இதேதான்.