தமிழைக் கொடுத்து ஜெர்மன் வாங்கலாம்

கேள்வி: மேடம், நர்ஸிங் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனி போவதற்காக பி1 என்கிற நடுத்தர நிலை ஜெர்மன் மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். கிளாஸில் இலக்கணம் எல்லாம் புரிகிறது, வாயைத் திறந்தால்தான் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. ஒருவருக்கொருவர் மொழி சொல்லித்தர ஆள் தேடும் டாண்டெம் ஆப்பில் முப்பது பேருக்கு மேல் மெசேஜ் போட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டு பேர் ஹலோ சொன்னதோடு சரி. பேச ஆள் பிடிப்பது எப்படி?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் ஜெர்மனில் குறை இல்லை. அந்த மெசேஜ்களில் பதிலுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதாகத்தானே எழுதியிருப்பீர்கள்? ஜெர்மன்காரர்கள் பலருக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. இன்னும் பழக வேண்டும் என்று நினைப்பவர்களும் முதலில் லண்டன்காரர், அமெரிக்கர் என்றுதான் தேடுவார்கள். அந்த வரிசையில் போய் நின்றால் நம் முறை வருவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். இது பண்டமாற்று மாதிரி, எதிரில் இருப்பவருக்கு எது வேண்டுமோ அது நம்மிடம் இருக்க வேண்டும். உங்களிடம் தமிழ் இருக்கிறது!

தமிழ் யாருக்கு வேண்டும் என்று கேட்காதீர்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி ஜெர்மனிக்குப் போன இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், ஹம் நகரத்தில் பெரிய காமாட்சி அம்மன் கோயிலே கட்டியிருக்கிறார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் மட்டும் பலருக்குக் கேட்டால் புரியும், பேசினால் பாதி வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இவர்கள் போக, ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிற மாணவர்கள் உண்டு, தமிழ் வீட்டில் பெண்ணோ மாப்பிள்ளையோ எடுத்த ஜெர்மன்காரர்களும் உண்டு. கான்வர்சேஷன் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் தாய்மொழி ஜெர்மன், பழக விரும்புவது தமிழ் என்று கொடுத்துத் தேடுங்கள். பத்துப் பேர் வந்தாலே போதும், அந்தப் பத்துப் பேரும் உங்களைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்குக் கிடைத்தவள் டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்த பெண். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு போனில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச முடியவில்லை என்பதுதான் அவள் குறை. முதல் நாள் "கதைப்பமா?" என்று கேட்டாள், நான் "பேசலாமே" என்றேன், அதிலேயே அரை மணி நேரம் ஓடியது. குளிர்காலத்தில் ஒருநாள் எனக்குக் குளிருது என்று சொல்ல நினைத்து "இஹ் பின் கால்ட்" என்றேன். அப்படிச் சொன்னால் நான் ஈரமில்லாத ஆள் என்று அர்த்தம் வந்துவிடும், "மியர் இஸ்ட் கால்ட்" என்று சொல் என்றாள். மியர் என்றால் எனக்கு. அட, நம்முடைய "எனக்குக் குளிருது" அப்படியே இருக்கிறதே! ஆங்கிலத்தின் "ஐ ஆம் கோல்ட்" என்பதை நடுவில் வைத்து யோசித்ததால் வந்த வினை, தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் சரியாகவே வந்திருக்கும். பல மாதம் கிளாஸுக்குப் போயும் பிடிபடாத விஷயம் அவள் சொன்ன அந்த ஒரு நிமிடத்தில் பிடிபட்டது.

பேசும்போது போனில் டைமர் வையுங்கள். இருபது நிமிடம் ஜெர்மன், இருபது நிமிடம் தமிழ். டைமர் இல்லாவிட்டால் யாருக்கு எது சுலபமோ அந்த மொழிக்கே பேச்சு போய்விடும், இன்னொருவருக்கு ஒன்றும் மிஞ்சாது. வார்த்தைக்கு வார்த்தை திருத்தச் சொல்லாதீர்கள், வாய் அடைத்துப் போகும். காதில் விழும் தப்பைக் குறித்து வைத்துக் கடைசியில் மூன்றை மட்டும் சொன்னால் போதும். கோதே நிறுவனம் நடத்தும் பி1 பேச்சுத் தேர்வில் பெரும்பாலும் இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்து, ஒரு காரியத்தைச் சேர்ந்து திட்டமிடச் சொல்வார்கள், அப்புறம் ஒரு தலைப்பில் பேசச் சொல்வார்கள். எல்லாம் பதினைந்து நிமிடம்தான். அதையே வாராவாரம் அவரோடு செய்து பாருங்கள்: ஊருக்கு வரும் தோழிக்கு எங்கே தங்க இடம் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்க என்ன வாங்கிப் போவது, இப்படி.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. வேலை முடிந்து அங்கே இரவு எட்டு மணிக்கு அவர் உட்கார்ந்தால் இங்கே நடு ராத்திரி, மருத்துவமனையில் டூட்டி பார்க்கிற உங்களுக்கு அது ஆகாது. ஞாயிறு காலை அவருக்குப் பத்து மணி என்றால் நமக்கு மத்தியானம், அதுதான் வசதி. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், நானே ஒருமுறை ஒரு மணி நேரம் ஸ்கிரீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்4 நிலை எழுதப் போகிறேன். அதற்குப் பேச ஆள் தேடுவது அவசியமா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: அந்தப் பரீட்சையில் பேச்சுத் தேர்வே கிடையாது, அதனால்தான் அதற்கு அடுத்த மேல் நிலையான என்3 சான்றிதழை வைத்துக்கொண்டு இன்டர்வியூவில் திணறுகிறவர்களைப் பார்க்கிறோம். இப்போதே ஆரம்பியுங்கள். உங்கள் பாடு சுலபம், ஜப்பானியர்களில் ஆங்கிலம் பேசிப் பழக ஆசைப்படுகிறவர்கள் நிறைய, ஹலோடாக் என்கிற மொழி பழகும் ஆப்பில் தேடினால் கிடைப்பார்கள். அவர்கள் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நமக்குச் சாயங்காலம் ஆறு என்றால் அங்கே ஒன்பதரை. ஒரே ஒரு சிக்கல், அவர்கள் லேசில் தப்பைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். நீங்கள் என்ன உளறினாலும் "நிஹோங்கோ ஜோஸு தெஸு நே", ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறீர்களே என்பார்கள். அதில் மயங்கிவிடாமல் "நவோஷிதே குதசாய்", திருத்துங்கள் என்று நீங்களாகக் கேட்டால்தான் திருத்துவார்கள்.

கேள்வி: பிரெஞ்சு படிக்கும் என் மகளுக்கு 19 வயது. முன்பின் தெரியாதவர்களோடு ஆப்பில் பேசுகிறாள். விடலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: விடுங்கள் அம்மா, ஆனால் சிலதைச் சொல்லிவையுங்கள். மொழி பழகுவதாகச் சொல்லிக்கொண்டு ஜோடி தேட வருகிறவர்கள் எல்லா ஆப்பிலும் இருக்கிறார்கள். முதல் நாளே போட்டோவும் வாட்ஸ்அப் நம்பரும் கேட்கிறவன், பிரெஞ்சில் ஒரு வரிகூட எழுதாமல் நீ அழகு என்கிறவன், காசு கேட்கிறவன், பார்சல் அனுப்புகிறேன் என்கிறவன், யாராக இருந்தாலும் பதிலே சொல்லாமல் பிளாக் செய்யட்டும். பெண் தோழியாகப் பார்த்துத் தேடச் சொல்லுங்கள், முதல் ஒரு மாதம் பேச்சு ஆப்புக்குள்ளேயே இருக்கட்டும். முடிந்தால் ஒருநாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோழிக்கு ஒரு "போன்ஜூர்" சொல்லுங்கள். உங்கள் பயம் பாதி அன்றைக்கே குறையும்.