'கிட் புல்' ஏன் முரண்டு பிடிக்கிறது?

(கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள். அப்படிப் பதிவாகும் கோப்புத் தொகுப்பு ரெப்போ, ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். 'கிட் புல்' புதிய மாற்றங்களை இணையத்திலிருந்து கொண்டுவரும் கட்டளை. கட்டளைகளைத் தமிழ் ஒலியில் தந்திருக்கிறோம். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவும்.)

கே: பாடக் கோப்புகளை, கிட் ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்கி வைத்திருக்கிறேன். ஆசிரியர் வாராவாரம் புதுப் பாடம் சேர்க்கிறார். அந்த ஃபோல்டரில் 'கிட் புல்' கொடுத்தால், இது கிட் ரெப்போவே இல்லை என்கிறது.

ப: ஜிப்பில் வருவது அந்த நேரத்துக் கோப்புகள் மட்டும்தான். கோப்புகள் எந்த முகவரியிலிருந்து வந்தன, எந்த கமிட் வரை வந்திருக்கின்றன என்பதெல்லாம் '.கிட்' என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கும். ஜிப்பில் அது கிடையாது. எனவே அந்த ஃபோல்டரைப் புதுப்பிக்க வழியில்லை, ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ரெப்போ பக்கத்தில் 'கோட்' பொத்தானை அழுத்தி, எச்டிடிபிஎஸ் முகவரியை நகலெடுங்கள். டெர்மினலில் 'கிட் குளோன்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு முகவரியை ஒட்டுங்கள். ரெப்போவை முழுதாக நகலெடுக்கும் இந்தக் குளோன் ஒரு தடவை போதும். பிறகு வாராவாரம் 'சிடி' கொடுத்து அந்த ஃபோல்டருக்குள் போய் 'கிட் புல்' கொடுத்தால் புதிய பாடங்கள் வந்து சேரும். வெளி ஃபோல்டரில் நின்றுகொண்டு கொடுத்தாலும் இதே பிழைதான் வரும், கவனம். பொது ரெப்போவுக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. குளோன் செய்யும்போது பெயர், பாஸ்வேர்டு கேட்டால் முதலில் முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: நான் எதையும் திருத்தவில்லை. ஜூபிடர் நோட்புக்கைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் என் மாற்றங்கள் அழிந்துவிடும் என்று சொல்லி 'கிட் புல்' நின்றுவிடுகிறது.

ப: ஓட்டியதே மாற்றம்தான். நிரலைச் சிறு செல்களாக எழுதி ஓட்டும் ஜூபிடரின் நோட்புக் என்பது ஒரு ஜேசன் கோப்பு, அதாவது குறிப்பிட்ட வடிவில் எழுதிய உரைக் கோப்பு. நிரல் மட்டுமல்ல, ஒவ்வொரு செல்லின் விடையும், அது எத்தனையாவதாக ஓடியது என்ற எண்ணும் அதற்குள்ளேயே பதிவாகும். ஜூபிடர் தானாகவே அதைச் சேமித்தும் விடும். அதே கோப்பை ஆசிரியரும் திருத்தியிருந்தால், யாருடையதை வைப்பது என்று கிட் முடிவு செய்யாமல் விலகிக்கொள்கிறது. பயப்பட வேண்டாம், கடைசி வரியில் 'அபார்ட்டிங்' என்று இருந்தால் உங்கள் கோப்பு இருந்தபடியே இருக்கிறது.

முதலில் நோட்புக்கை மூடுங்கள். 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் மாறிய கோப்புகளின் பெயர் தெரியும். உங்கள் வேலை வேண்டுமென்றால் அந்தக் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'கிட் ரிஸ்டோர்' என்று தட்டி, மூலக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அது ஆசிரியர் தந்த நிலைக்குத் திரும்பும். அதில் நீங்கள் எழுதியது மீளாது, அதனால்தான் நகல் முதலில். இனி 'கிட் புல்' ஓடும். 2019-இல் வந்த 2.23 பதிப்புக்கு முந்தைய கிட்டில் ரிஸ்டோர் இல்லை. 'கிட் செக்அவுட் --' என்று தட்டி, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

'கிட் ஸ்டாஷ்' கொடுத்து மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்து, புல் முடிந்ததும் 'கிட் ஸ்டாஷ் பாப்' கொடுத்துத் திரும்பச் சேர்க்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். சாதாரண பைத்தான் கோப்புக்குச் சரி. நோட்புக்கில் உங்கள் மாற்றமும் ஆசிரியர் மாற்றமும் ஒரே இடத்தில் மோதினால், கிட் நடுவே செருகும் '<<<<<<<' குறிகளால் ஜேசன் உடைந்து, கோப்பே திறக்காமல் போகும். ஆகவே நோட்புக்குக்கு ஸ்டாஷ் வேண்டாம்.

இந்தத் தொல்லை வராமலிருக்க, பாடம் வந்தவுடன் நகலெடுத்து, பெயரின் கடைசியில் உங்கள் முதலெழுத்தைச் சேர்த்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கள். கிட்டில் சேர்க்காத அந்தக் கோப்பை 'கிட் புல்' தொடாது.

கே: குளோன் முடியவே மாட்டேன் என்கிறது. ரெப்போ மிகப் பெரியது.

ப: பழைய வரலாறு உங்களுக்கு எதற்கு? 'கிட் குளோன் --டெப்த் 1' என்று தட்டி, பின்னால் முகவரியைக் கொடுங்கள். கடைசி கமிட் மட்டும் வரும். இறங்கிய தரவுக் கோப்பில் தரவுக்குப் பதில் மூன்றே வரி இருந்தால், உண்மையான கோப்பு, பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் எல்எஃப்எஸ்ஸில் இருக்கிறது. கிட் எல்எஃப்எஸ் நிறுவி 'கிட் எல்எஃப்எஸ் புல்' கொடுங்கள்.

கே: என் விடைகளை அதே ஃபோல்டரில் கமிட் செய்துவிட்டேன். இப்போது கிளைகள் பிரிந்துவிட்டன என்கிறது.

ப: உங்கள் கமிட் ஒரு பக்கமும் ஆசிரியரின் கமிட் இன்னொரு பக்கமும் போய்விட்டன என்று அதற்குப் பொருள். உங்கள் விடைக் கோப்புகளை எல்லாம் அந்த ஃபோல்டருக்கு வெளியே நகலெடுங்கள். 'கிட் ஃபெட்ச்' கொடுத்து, அடுத்து 'கிட் ரீசெட் --ஹார்ட் ஆரிஜின்/மெயின்' கொடுங்கள். கிளையின் பெயர் மெயினா மாஸ்டரா என்பதை 'கிட் பிராஞ்ச்' காட்டும். ரீசெட் செய்ததும் நீங்கள் கமிட் செய்த கோப்புகள் ஃபோல்டரிலிருந்து மறைந்துவிடும். வெளியே வைத்த நகல்களைப் புதுப் பெயரில் திரும்பக் கொண்டுவந்து, கமிட் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள்.