மேடையில் டெமோ: எதைப் பார்த்து மார்க் போடுவது?

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவில் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசி, தாங்கள் செய்த கருவியை இயக்கிக் காட்டுவார்கள். நடுவராக உட்காரப் போகிறேன். பேச்சில் மயங்காமல் எப்படி மதிப்பிடுவது?

பதில்: உள்ளே கொடுக்கும் படத்தையோ பொருளையோ யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று முதலில் கவனியுங்கள். முகம் அறியும் செயலி என்றால், பேச்சாளர் கூட்டிவந்த நண்பரை விட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் இருப்பவரை மேடைக்குக் கூப்பிடுங்கள். அவர் நேராக நின்று ஒரு முறை, விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு முறை. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் கேமராவில் முகம் இருண்டுவிடும். விடுதி அறையில் மட்டும் சோதித்த செயலி பெரும்பாலும் அங்கேதான் தடுமாறும். இதற்கு ஒன்றரை நிமிடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்லைடே நேரத்தைத் தின்றுவிடும்.

"98 சதவீதம் துல்லியம்" என்றால் எத்தனை மாதிரிகளில் என்று கேளுங்கள். இலை நோயைக் கண்டுபிடிக்கும் செயலி என்று வைத்துக்கொள்வோம். நூறு இலைகளில் நோய் கண்டவை இரண்டே என்றால், எதைக் காட்டினாலும் "நோயில்லை" என்று சொல்லும் செயலிக்கும் அதே 98 கிடைக்கும்! பயிற்சிக்குக் கொடுத்த படங்களிலேயே சோதித்திருந்தால் அந்த எண்ணைத் தள்ளிவிடலாம்.

இயக்காமல் வீடியோ போட்டால் பாதி மார்க்குக்கு மேல் வேண்டாம். 2023 டிசம்பரில் கூகுள் தன் ஜெமினி என்ற ஏஐயைக் காட்டி வெளியிட்ட வீடியோவில், அந்த ஏஐ கண்முன் நடப்பதைப் பார்த்துக்கொண்டே உடனுக்குடன் பேசுவதுபோல் இருந்தது. உண்மையில் நிலைப்படங்களையும் எழுத்துக் கேள்விகளையும் கொடுத்து வாங்கிய பதில்கள் அவை. காத்திருப்பு நேரத்தைக் குறைத்ததாக யூடியூப் குறிப்பில் ஒரு வரி இருந்தது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? 2018-ல் நிக்கோலா என்ற லாரி நிறுவனம் வீடியோவில் ஓட்டிக் காட்டிய லாரியும் சொந்த சக்தியில் ஓடவில்லை, சாலைச் சரிவில் உருண்டு வந்ததுதான்.

கேள்வி: நடுவில் கருவி நின்றுபோனால் மார்க் குறைக்கலாமா?

பதில்: நின்றதற்குக் குறைக்காதீர்கள், ஏன் நின்றது என்று சொல்லத் தெரியாவிட்டால் குறையுங்கள். 2025 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் மேடையில் ஏஐ மூக்குக்கண்ணாடி சொதப்பியபோது வைஃபை மேல் பழி போட்டார்கள். உண்மைக் காரணத்தைப் பிறகு அதன் தொழில்நுட்பத் தலைவர் ஆண்ட்ரூ பாஸ்வொர்த் சொன்னார்: மேடையில் ஒருவர் ஏஐயை அழைத்ததும், அந்தக் கட்டடத்திலிருந்த மற்ற கண்ணாடிகளும் சேர்ந்து விழித்துக்கொண்டன, எல்லாம் ஒரே சர்வருக்குப் போய் மொய்த்ததில் அது திணறிவிட்டது. ஒத்திகையில் அத்தனை கண்ணாடிகள் இல்லை. பத்து அணிகள் ஒரே ஹாட்ஸ்பாட்டை நம்பும் அரங்கிலும் இப்படி ஆகலாம். மறுபடி இயக்கிக்காட்ட இரண்டு நிமிடம் கொடுங்கள், ஒரே ஒரு முறை.