தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தன் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வது எப்படி?

டீம் லீடராகி ஆறு மாதம்தான் ஆகிறது, கையில் எடுத்த முதல் பெரிய வேலையே சொதப்பிவிட்டது, இதிலிருந்து எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் ஒரு பவுண்டரியில், அதாவது இரும்பு வார்க்கும் ஆலையில், பதினாறு வருடமாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஷாப் ஃப்ளோர் பொறுப்பு. மேனேஜ்மென்ட் வகுப்பு எதற்கும் போனதில்லை. பட்டதைச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி வந்தாலே 1979 ஆகஸ்டில் நம் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்த கதையை யாராவது சொல்லிவிடுவார்கள். பத்திரிகையாளர்கள் முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பொறுப்பேற்றுக்கொண்டது, 1980 ஜூலையில் ராக்கெட் மேலே போனதும் திட்டத்தை நடத்திய கலாமைப் பேச அனுப்பியது. அருமையான கதைதான். ஆனால் அது பழியை யார் சுமப்பது என்பதைப் பற்றியது. இரண்டாம் கட்டத்தில் அமிலம் கசிந்தது ஏன் என்று அந்தப் பதினொரு மாதம் உட்கார்ந்து தோண்டினார்களே, கற்றுக்கொண்டது அங்கேதான். அதை யாரும் சொல்வதில்லை, சுவாரசியமாக இருக்காது என்பதால்.

என் கதை சின்னது. எட்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழை. பம்ப் கேசிங் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக நூற்றுக்கு நாலைந்து ரிஜெக்ட் ஆகும். அந்த மாதம் பதினெட்டுக்குப் போய்விட்டது. எல்லாம் ப்ளோ ஹோல். இது ஒரு பாழாய்ப்போன குறை. வார்ப்பு வெளியே பார்க்க நன்றாக இருக்கும், மெஷின் ஷாப்பில் ஒரு கட் எடுத்தால்தான் உள்ளே ஓட்டை தெரியும். இரும்பை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். போன கரண்ட்டும் கூலியும் மெஷின் நேரமும் போனதுதான். ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது.

நான் ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டேன். மண்ணில் அச்சு போடுகிற மோல்டர்கள் மண்ணில் தண்ணீர் அதிகமாக விடுகிறார்கள். மணிக்கொரு தரம் மண்ணின் ஈரத்தை டெஸ்ட் செய்யச் சொன்னேன். யார் போட்ட மோல்டில் எத்தனை ரிஜெக்ட் என்று பேர் போட்டு போர்டில் எழுதினேன். அதிகம் போன ஒருவருக்கு இன்சென்டிவைப் பிடித்தேன். ஒரு வாரம் ஆயிற்று, ரிஜெக்‌ஷன் இறங்கவே இல்லை. அப்போதும் என் சந்தேகம் ஆள் மேல்தான்.

இரண்டாவது வாரம், வேலையிலேயே நரைத்துப்போன மூத்த மோல்டர் ஒருவர் கையில் ஒரு கோரோடு என் மேஜைக்கு வந்தார். கோர் என்பது வார்ப்புக்குள் வெற்றிடம் விழுவதற்காக அச்சுக்குள் வைக்கிற மணல் கட்டி. நகத்தால் அதைக் கீறினார். மண் பொலபொலவென்று மேஜையில் உதிர்ந்தது. "இது என்னிக்குப் போட்ட கோருங்க சார்?" அவ்வளவுதான் கேட்டார்.

அது நாலு நாளைக்கு முன்னால் போட்ட கோர். முன்கூட்டியே போட்டு அடுக்கி வைக்கச் சொன்னது நான். தீபாவளி லீவுக்குள் லோடு அனுப்ப வேண்டும் என்ற அவசரம். எங்களுடையது சிஓ2 கோர்: சோடியம் சிலிக்கேட் கலந்த மணலில் கரியமில வாயுவை விட்டு இறுக்குவது. போட்ட உடனே கல் மாதிரி இருக்கும், மழைக்காலத்தில் நாள்கணக்கில் கிடந்தால் ஈரத்தைக் குடிக்கும். 1,350 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இரும்பு அதைச் சுற்றி நிரம்பும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே குமிழியாக நின்றுவிடும்.

அன்று சாயங்காலமே அன்றைக்குப் போட்ட கோரில் பத்து, பழைய கோரில் பத்து ஊற்றிப் பார்த்தோம். அதே மண், அதே ஆட்கள், ஒரே ஹீட், அதாவது ஒரே தடவையில் உருக்கிய இரும்பு. புதியதில் ஒன்றுகூட போகவில்லை. பழையதில் மூன்று ஓட்டை.

அவருக்கு முதல் வாரமே சந்தேகம் வந்திருக்கிறது. "ஏண்ணா அப்பவே சொல்லலை?" என்றேன். "போர்டுல எங்க பேரைத்தானுங்களே எழுதுனீங்க" என்றார்.

எனக்கு அந்தப் பதில் இன்றுவரை உறுத்துகிறது. அதற்கு இரண்டு வருடம் கழித்து கொலம்பியா விண்கல விபத்தைப் பற்றித் தேடித்தேடிப் படித்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2003 பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கப் பதினாறே நிமிடம் இருக்கையில் கொலம்பியா சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். ஜனவரி 16 அன்று கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் டாங்க்கிலிருந்து முக்கால் கிலோ அளவுக்கு நுரைப்பூச்சு பிய்ந்து இடது இறக்கையில் அடித்திருந்தது. நுரை பிய்வது புதிதல்ல. 2002 அக்டோபரில் அட்லாண்டிஸ் கிளம்பியபோதும் ஒரு துண்டு பிய்ந்து வந்தது. ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்த விண்கலங்களை அனுப்பினார்கள். எங்கள் பவுண்டரியிலும் முந்தைய வருட மழையில் ரிஜெக்‌ஷன் எட்டு வரை ஏறி, மழை விட்டதும் தானாக இறங்கியது. "சீசன் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு விட்டேன். தப்பிப் பிழைத்ததைச் சரியாகச் செய்ததாக எடுத்துக்கொண்டேன்.

அங்கே, நாசாவில், வேன் ஹேல் என்று ஒரு மேலாளர். கொலம்பியா மேலே இருந்தபோது, இறக்கையைப் படமெடுத்துத் தரச் சொல்லி விமானப்படை வழியாகக் கேட்க ஆரம்பித்தவர்களில் ஒருவர். மேலிடத்திலிருந்து அந்தக் கோரிக்கையை ரத்து செய்தார்கள், அவரும் அதற்குமேல் போராடவில்லை. ஒரு வருடம் கழித்து, தவறு என்னுடையதும்தான் என்று சக ஊழியர்களுக்கு வெளிப்படையாக எழுதினார். அப்புறம் ஷட்டில் திட்டத்துக்கே மேலாளரானார்.

இதோடு கதை முடிந்திருந்தால் அதுவும் தவான் கதை மாதிரிதான். முடியவில்லை. இரண்டரை வருடம் பாடுபட்டு டாங்க்கைத் திருத்தி 2005 ஜூலை 26 அன்று டிஸ்கவரியை அனுப்பினார்கள். மறுபடியும் பெரிய துண்டு நுரை பிய்ந்தது. இந்த முறை விண்கலத்தின் மேல் படவில்லை, அவ்வளவுதான். மறுபடி ஒரு வருடம் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அதற்குள் எல்லோரும் ஒரு விடையில் நிலைகொண்டிருந்தார்கள்: நியூ ஆர்லியன்ஸ் மிஷூ ஆலையில் நுரையைப் பூசும் தொழிலாளர்கள் சரியாகப் பூசவில்லை. ஏவுதளத்தில் எரிபொருள் நிரப்பி இறக்கிய ஒரு டாங்க்கை ஆலைக்குத் திருப்பி அனுப்பி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நுரைக்குள் விரிசல். கடுங்குளிர் எரிபொருளை நிரப்பி, இறக்கும்போது சுருங்கி விரிந்ததில் வந்த விரிசல். பூசிய கையில் குற்றமில்லை. கத்ரீனா புயலில் அந்த ஊழியர்களில் பலர் வீட்டை இழந்து நின்ற காலம் அது. ஹேல் நேரே ஆலைக்குப் போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதைப் படித்தபோது எனக்கு அந்த போர்டுதான் கண்முன் வந்தது. ஒரு முறை தவறை ஒப்புக்கொண்ட மனிதர், அவ்வளவு பெரிய அடி வாங்கியவர், அவரும்கூட அடுத்த முறை ஆலைத் தொழிலாளியின் கையைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்கிறார். "தவறு என்னுடையது" என்று சொல்வது ஒரு நாள் வேலை. அடுத்த கோளாறு வரும்போது கை தானாக ஆளை நோக்கி நீள்வதை நிறுத்துவது வேறு வேலை. எனக்கு அது இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்வேன். சொதப்பிய வேலையைப் பற்றி டீமை உட்காரவைத்துப் பேசும் முன், ஒரு தாளில் நீங்கள் போட்ட உத்தரவுகளை மட்டும் தேதி வாரியாக எழுதுங்கள். யார் என்ன செய்தார் என்பது வேண்டாம். அவசரப்படுத்தியது, தள்ளிப்போட்டது, "இதை இப்போ விடு" என்று சொன்னது, எல்லாம். நான் எழுதியிருந்தால் மூன்றாவது வரியிலேயே கோர் வந்திருக்கும். அப்புறம், இது முன்பே தெரிந்தவர் யாராவது டீமில் இருந்தாரா என்று தனியாக விசாரியுங்கள். அநேகமாக இருப்பார். அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கான பதில் கசக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

எங்கள் ஷாப்பில் என்ன மாறியது என்றால், கோர் ஒவ்வொன்றிலும் போட்ட தேதியைச் சாக்பீஸில் எழுதுகிறோம். மழைக்காலத்தில் அன்றைய கோர் அன்றைக்கே போக வேண்டும், மிஞ்சினால் உலர்த்தித்தான் உள்ளே வரும். பேர் எழுதிய போர்டைக் கழற்றிவிட்டேன். டீ நேரத்தில் எல்லோரையும் நிறுத்தி, தப்பு என் பேரில்தான் என்று சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, டீ ஆறிவிடும் என்று ஒருவர் சொன்னார்.

இன்சென்டிவ் பிடிக்கப்பட்டவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்கு முந்தின வாரமே கணக்கை முடித்துக்கொண்டு வேறு பவுண்டரிக்குப் போய்விட்டார். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன், பணத்தை வந்து வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னேன். "பரவாயில்லைங்க சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க கோரை அன்னன்னிக்கேதானுங்க போடறாங்க" என்றார்.